ஒரே நீராவி, இரண்டு வேலை: ஃபூர்கா மலைப்பாதையில் கேட்ட ஓசை

சுவிட்சர்லாந்தின் ஃபூர்கா மலைப்பாதையில், 1,538 மீட்டர் உயரத்திலுள்ள ரியால்ப் நிலையத்திலிருந்து புறப்படும் அந்த நீராவி ரயிலில், எஞ்சினுக்கு அடுத்த பெட்டியில் சன்னலோரமாக அமர்ந்திருந்தேன். நிலையத்தை விட்டுச் சிறிது தூரம் வரை புகைபோக்கியிலிருந்து எழுந்த ஓசை, சமவெளியில் ஓடும் எந்த நீராவி எஞ்சினின் ஓசையையும் போலவே சீராக இருந்தது. பிறகு ஓட்டுநர் வேகத்தை மிகவும் குறைத்தார். காலடியில் இரும்போடு இரும்பு பொருந்தும் அதிர்வு ஒன்று உணரப்பட்டது. அடுத்த சில நொடிகளில் புகைபோக்கியின் தாளமே மாறிவிட்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலை ரயிலில் சென்றவர்கள், கல்லாறு நிலையத்தைத் தாண்டியதும் இதே மாற்றத்தைக் கேட்டிருப்பார்கள். இரு மலைகளுக்கும் இடையே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவு இருந்தாலும், இரண்டு எஞ்சின்களும் வின்டர்தூர் நகரத்து எஞ்சின் ஆலையின் மரபில் வந்தவை. இரண்டும் மீட்டர் கேஜ் பாதையில், ஒரே கொள்கையின்படி மலை ஏறுகின்றன.

அந்தக் கொள்கையின் அடிப்படை, பாதையின் நடுவே பற்களோடு ஓடும் பல் தண்டவாளம். அது ஏன் தேவைப்படுகிறது என்பதை ஒரு சிறு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். ஃபூர்கா பாதையில் ஆயிரம் மீட்டருக்கு 110 மீட்டர் உயரும் ஏற்றம் உண்டு. நீலகிரியில் செங்குத்தான இடங்களில் இது 12 மீட்டருக்கு 1 மீட்டர். 40 டன் எஞ்சின் ஒன்று 60 டன் பெட்டிகளை ஃபூர்காவின் ஏற்றத்தில் இழுப்பதாகக் கொள்வோம். மொத்தம் 100 டன்னை மேலே நகர்த்த, ஏறத்தாழ 11 டன் எடைக்கு ஈடான விசை தேவை. எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தைப் பற்றும் திறனோ, பாதை உலர்ந்திருக்கும்போதே எடையில் கால் பங்கு அளவுதான் இருக்கும். எஞ்சினின் முழு எடையும் இயங்கும் சக்கரங்களின் மேல் இருந்தால்கூட 10 டன்னுக்கு மேல் கிடைக்காது. மழையில் அதுவும் வெகுவாகக் குறைந்துவிடும். கொதிகலனில் எவ்வளவு ஆற்றல் இருந்தாலும், சக்கரம் நின்ற இடத்திலேயே வழுக்கிச் சுழலும்.

இதற்குச் சுவிஸ் பொறியாளர் கார்ல் ரோமன் ஆப்ட் 1882-இல் காப்புரிமை பெற்ற தீர்வுதான் இரு மலைகளிலும் இருக்கிறது. பாதையின் நடுவே பற்கள் வெட்டப்பட்ட இரண்டு எஃகுப் பட்டைகள் அருகருகே நிற்கின்றன. ஒரு பட்டையின் பல் இருக்கும் இடத்துக்கு நேரே மற்றதில் பள்ளம் வரும்படி, அவை அரைப் பல் இடைவெளி தள்ளி அமைக்கப்பட்டுள்ளன. எஞ்சினின் அடியிலுள்ள பல்சக்கரமும் அதேபோல் இரட்டையாக இருப்பதால், ஒரு பல் விடுபடும் முன்பே பக்கத்துப் பட்டையில் இன்னொரு பல் பிடித்துக்கொள்கிறது. இழுவை இடையறாமல் தொடர்வதும் பயணம் குலுக்கலின்றி இருப்பதும் இதனால்தான். பல் தண்டவாளம் தொடங்கும் இடத்தில் விற்சுருள்களின் மேல் தாங்கிய ஒரு நுழைவுத் துண்டு இருக்கும். பல்லின் மேல் பல் ஏறிவிட்டால் அந்தத் துண்டு சற்றே அமுங்கி, சக்கரம் சரியான பள்ளத்தைக் கண்டடையும் வரை பொறுத்துக்கொள்ளும். நான் காலடியில் உணர்ந்த அதிர்வு அதுவே.

இனித்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது. சாதாரண சக்கரத்தையும் பல்சக்கரத்தையும் ஒரே பிஸ்டனால் ஏன் இயக்கக்கூடாது? பல் தண்டவாளத்தில் பல்லுக்குப் பல் 120 மில்லிமீட்டர், அது மாறாது. ஆனால் சாதாரணச் சக்கரம் நாளடைவில் தேயும். தேய்ந்த சக்கரம் ஒரு சுற்றில் கடக்கும் தூரம் குறையும். இரண்டையும் ஒன்றாகப் பிணைத்தால், ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று மற்றொன்றோடு மல்லுக்கட்டும். ஆகவே ஒரே கொதிகலனின் கீழ் இரண்டு தனித்தனி எஞ்சின்களை வைத்தார்கள்: ஒரு சோடி சிலிண்டர் சக்கரங்களுக்கு, மற்றொரு சோடி பல்சக்கரங்களுக்கு. ஃபூர்கா எஞ்சினில் பல்சக்கரச் சிலிண்டர்கள் சட்டகத்துக்குள் மறைந்திருக்கின்றன. நீலகிரியின் எக்ஸ் வகை எஞ்சினில் நான்கும் வெளியே, சக்கரச் சிலிண்டர்களுக்கு மேல் பல்சக்கரச் சிலிண்டர்கள் என்று அடுக்கப்பட்டிருப்பதால், நடைமேடையில் நின்றபடியே அவற்றின் இயக்கத்தைப் பார்க்க முடியும். அந்த வகையில் நாம் கொடுத்துவைத்தவர்கள்.

இரண்டு எஞ்சின்களுக்கும் நீராவி தனித்தனியாகச் செல்வதில்லை. சமமான பாதையில், சக்கரச் சிலிண்டர்களில் வேலை செய்து முடித்த நீராவி நேரே புகைபோக்கி வழியாக வெளியேறுகிறது. ஏற்றம் தொடங்கியதும் ஓட்டுநர் ஒரு வால்வைத் திருப்ப, அதே நீராவி வெளியேறாமல் பல்சக்கரச் சிலிண்டர்களுக்குள் புகுந்து இரண்டாம் முறையாக விரிந்து வேலை செய்கிறது. முதல் முறையே விரிந்து அழுத்தம் குறைந்த நீராவிக்கு அதிக இடம் வேண்டும் என்பதால், ஃபூர்கா எஞ்சினில் முதல் சோடியின் விட்டம் 420 மில்லிமீட்டராகவும் இரண்டாவதன் விட்டம் 560 மில்லிமீட்டராகவும் வைக்கப்பட்டுள்ளன. தாளம் மாறியதன் காரணமும் இதுதான்: அதுவரை சக்கரங்களின் சுழற்சிக்கு ஏற்ப ஒலித்த புகைபோக்கி, இப்போது அவற்றைவிடச் சிறியதும் அதனால் அதிகச் சுற்றுகள் சுழல்வதுமான பல்சக்கரத்துக்கு ஏற்ப ஒலிக்கிறது.

இந்த ஏற்பாட்டில் இன்னொரு நுட்பமும் அடங்கியிருக்கிறது. ஈரமான தண்டவாளத்தில் சாதாரணச் சக்கரங்கள் வழுக்கிச் சுழலத் தொடங்கினால், அவற்றின் சிலிண்டர்கள் வழக்கத்தைவிட அதிக நீராவியை இரண்டாம் சோடியை நோக்கித் தள்ளும். இடையிலுள்ள குழாயில் அழுத்தம் உயரும். அந்த அழுத்தம் பின்னோக்கி எதிர்த்து வழுக்கும் சக்கரங்களை அடக்கும், முன்னோக்கிச் சென்று பல்சக்கரத்துக்கு வலுவூட்டும். மின்னணுக் கருவி எதுவும் இல்லாத காலத்தில், நீராவியே நீராவியைக் கட்டுப்படுத்திய இந்த அமைப்பைவிட அழகான பொறியியல் தீர்வை நான் அதிகம் கண்டதில்லை.

அன்று எங்களை இழுத்தது 1 என்ற எண்ணும் ஃபூர்காஹார்ன் என்ற பெயரும் கொண்ட எஞ்சின். இந்த வகையில் பத்து எஞ்சின்கள் 1913, 1914 ஆண்டுகளில் கட்டப்பட்டன. பாதை மின்மயமானபின் நான்கு எஞ்சின்கள் 1947-இல் வியட்நாமின் தா லாட் மலைப்பாதைக்கு விற்கப்பட்டன. 1982-இல் மலைக்கு அடியில் 15.4 கிலோமீட்டர் சுரங்கம் திறக்கப்பட்டதும் பழைய மலைப்பாதை கைவிடப்பட்டது. மறு ஆண்டே கூடிய ஆர்வலர்கள் பாதையைக் காப்பாற்ற முனைந்தார்கள். 1990-இல் வியட்நாமில் துருப்பிடித்துக் கிடந்த எஞ்சின்களைத் தேடிப்பிடித்துக் கப்பலில் கொண்டுவந்தார்கள். 1992-இல் ஒரு பகுதியில் ரயில் ஓடியது. 2010-இல் மறுமுனையான ஓபர்வால்ட் வரை 18 கிலோமீட்டர் பாதை முழுமை பெற்றது. தன்னார்வலர்களின் உழைப்பே இதை ஓட்டுகிறது. ஷ்டெஃபன்பாக் ஓடையின் மேலுள்ள பாலத்தைக் கடந்தபோது அந்த உழைப்பின் அளவு விளங்கியது. அங்கிருந்த பழைய கற்பாலத்தைப் பனிச்சரிவு அடித்துச் சென்றதால், 1925-இல் மடக்கக்கூடிய இரும்புப் பாலம் கட்டினார்கள். ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் அதை மூன்று பகுதிகளாகப் பிரித்துக் கரைகளுக்கு இழுத்துவைக்கிறார்கள். கோடை வருமுன் மறுபடியும் விரித்துப் பொருத்துகிறார்கள்.

பாதையின் உச்சியான ஃபூர்கா நிலையத்தின் உயரம் 2,160 மீட்டர். அதையடுத்த 1,874 மீட்டர் நீளச் சுரங்கத்தின் மறுபக்கத்தில் கிளெட்ச் நிலையத்தை நோக்கி இறக்கம் தொடங்குகிறது. ஏறுவதைவிட இறங்குவதே கடினம். பிரேக்கின் உராய்வுக் கட்டைகளை மட்டும் நம்பினால் அவை சூடேறிப் பிடிப்பை இழக்கும். எனவே இறக்கத்தில் சிலிண்டர்களையே காற்றழுத்திகளாக மாற்றுகிறார்கள். பிஸ்டன்கள் வெளிக்காற்றை உள்ளிழுத்து அழுத்துகின்றன. அழுத்தப்பட்ட காற்றைச் சிறு திறப்பின் வழியே விடும் அளவை ஓட்டுநர் கூட்டிக் குறைப்பதன் மூலம் ரயிலின் வேகம் கட்டுப்படுகிறது. அழுத்தும்போது உண்டாகும் வெப்பத்தைத் தணிக்கச் சிலிண்டர்களுக்குள் தண்ணீர் செலுத்தப்படுகிறது. நூறு டன் ரயில் மலையிலிருந்து இறங்கும் ஆற்றல், அந்தத் தண்ணீரை ஆவியாக்கிக்கொண்டு காற்றோடு கலந்து போகிறது. குன்னூரிலிருந்து கல்லாறுக்கு இறங்கும் எஞ்சினின் அருகே கேட்கும் நீண்ட சீறல் ஓசைக்கும் இதுவே காரணம். கிளெட்ச்சில் ரயில் நின்றபோது அந்தச் சீறல் அடங்க, ரோன் ஆற்றின் இரைச்சல் கேட்கத் தொடங்கியது.