பத்து லட்சம் வியூஸ், நாற்பது கமெண்ட்

போன மாதம் ஒரு தம்பி தன் முதல் பாட்டை அனுப்பியிருந்தார். மெயிலின் முதல் வரியே "அண்ணா, பத்து லட்சம் வியூஸ் தாண்டிடுச்சு" என்றுதான் இருந்தது. யார் எழுதியது, யார் இசை, எங்கே பதிவு செய்தார்கள், ஒன்றும் இல்லை. லிங்கைத் திறந்தேன். பத்து லட்சம் உண்மைதான். கீழே கமெண்ட் நாற்பது, அதில் பாதி வெறும் எமோஜி. பாட்டு மட்டும் நன்றாக இருந்தது, மனசு கஷ்டப்பட்டதும் அதனால்தான். கரகரப்பான குரல், பல்லவி முடிகிற இடத்தில் எல்லா வாத்தியத்தையும் நிறுத்திவிட்டு ஒற்றைத் தவிலை மட்டும் விட்டிருந்தார்கள், இருபத்திரண்டு வயதில் அப்படி ஒரு இடம் விடத் தோன்றுவது சாதாரணம் இல்லை. போன் செய்து, புரமோஷனுக்கு எவ்வளவு செலவழித்தீர்கள் என்று கேட்டேன். பதினெட்டாயிரம் என்றார். அக்கா கடன் வாங்கிக் கொடுத்த காசு. அந்தப் பணத்தில் இரண்டாவது பாட்டைப் பதிவு செய்து முடித்திருக்கலாம்.

பதினோரு வருடமாகப் புதிதாகப் பாட வருகிறவர்களைத் தேடித் தேடிக் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். சினிமாவுக்கு வெளியே, தமிழில், தாங்களே எழுதி இசையமைத்துப் பாடுகிறவர்கள்தான் என் வட்டம். இந்தத் தம்பி மாதிரி வருடத்துக்குப் பத்துப் பேரையாவது பார்க்கிறேன், அதனால்தான் இதை எழுதுகிறேன். பாடுகிறவர்களும் படிக்க வேண்டும், கேட்கிறவர்களும் படிக்க வேண்டும்.

முதலில் அந்த எண்ணிக்கை எப்படி ஏறுகிறது என்று சொல்லிவிடுகிறேன். யூட்யூபில் ஒரு பாட்டு வீடியோவையே விளம்பரமாக ஓட்டலாம். நீங்கள் சமையல் வீடியோ பார்க்கப் போகும்போது நடுவில் ஒரு பாட்டு வருமே, அதுதான். அதை முப்பது விநாடி ஓடவிட்டாலே அது ஒரு வியூ. இதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை, பெரிய கம்பெனிகள் எல்லாமே செய்வதுதான். 2019 ஜூலையில் ஒரு இந்தி ராப் பாடல் 24 மணி நேரத்தில் ஏழரைக் கோடி பார்வைகளைப் பெற்றதாகச் சொல்லப்பட்டது, அதில் எவ்வளவு விளம்பரத்தால் வந்தது என்று பெரிய சர்ச்சை. அந்த செப்டம்பரிலேயே, காசு கொடுத்து ஓட்டிய விளம்பரப் பார்வைகளை இனி எங்கள் இசைத் தரவரிசையில் சேர்க்க மாட்டோம் என்று யூட்யூப் அறிவித்துவிட்டது. தரவரிசையில்தான் சேர்ப்பதில்லை, வீடியோவுக்குக் கீழே தெரிகிற எண்ணில் அந்தப் பார்வைகளும் இருக்கும். ஆக, அந்த எண்ணைப் பார்த்து, இத்தனை பேர் இதை விரும்பிக் கேட்டார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது.

விளம்பரமாவது பரவாயில்லை, நிஜ மனிதர்கள் கண்ணில் படுகிறது. ஸ்ட்ரீமிங் ஆப்களில் நடப்பது அதைவிட மோசம். "உங்கள் பாட்டைப் பெரிய பிளேலிஸ்ட்டில் போடுகிறோம், ஐம்பதாயிரம் பிளே நிச்சயம்" என்று இன்ஸ்டாகிராமில் செய்தி வரும். ஐயாயிரம், பத்தாயிரம் கேட்பார்கள். எத்தனை பிளே வரும் என்று முன்கூட்டியே ஒருவர் உத்தரவாதம் கொடுத்தால், அதைக் கேட்கப்போவது மனிதர்கள் இல்லை என்று புரிந்துகொள்ளுங்கள். காசுக்கு பிளேலிஸ்ட்டில் இடம் கொடுப்பதை ஸ்பாட்டிஃபை தன் விதிமுறையிலேயே தடை செய்திருக்கிறது. 2024 முதல் இன்னும் இறுக்கிவிட்டார்கள். போலி பிளே என்று கண்டுபிடித்தால் பாட்டை ஏற்றிக் கொடுத்த டிஸ்ட்ரிபியூட்டருக்கு அபராதம் போடுகிறார்கள், டிஸ்ட்ரிபியூட்டர் அதைப் பாடகர் தலையில் கட்டலாம், அல்லது பாட்டையே தூக்கிவிடலாம். எனக்குத் தெரிந்த ஒரு பெண், நல்ல பாடலாசிரியர், ஆறாயிரம் ரூபாய் கொடுத்தார். மூன்றாவது வாரம் பாட்டைக் காணோம். ஏஜெண்ட் என்று பேசிய ஆள் நம்பரை மாற்றிவிட்டார். அவருடைய பாட்டை உண்மையிலேயே விரும்பிக் கேட்ட எண்ணூறு சொச்சம் பேரின் பிளேயும் அதோடு போய்விட்டது. எட்டு மாதம் அவர் ஒன்றுமே எழுதவில்லை.

கேட்கிறவர்களுக்கு இதைக் கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை. ஸ்பாட்டிஃபையில் ஒரு கலைஞரின் பக்கத்தில் கீழே போனால், எந்த ஐந்து ஊர்களில் அவரை அதிகம் கேட்கிறார்கள் என்று போட்டிருக்கும். தமிழ்ப் பாட்டு என்றால் சென்னை, கோவை, பெங்களூரு, கோலாலம்பூர், டொராண்டோ என்று எதுவாவது இருக்க வேண்டும். எல்லாமே ஹெல்சிங்கி மாதிரி, தமிழர்கள் அதிகம் இல்லாத ஊர்களாக இருந்தால் யோசியுங்கள். மாதம் எண்பதாயிரம் பேர் கேட்கிறார்கள் என்று காட்டும், ஃபாலோ செய்கிறவர்கள் அறுபது பேர்தான் இருப்பார்கள். பாட்டு பிடித்துப்போன எண்பதாயிரம் பேரில் அறுபது பேருக்குத்தானா அடுத்த பாட்டு எப்போது வரும் என்று தெரிய வேண்டும்?

சரி, எண்ணைப் பார்க்கக் கூடாது என்றால் எதைப் பார்ப்பது?

நான் பெயர்களைப் பார்க்கிறேன். ஒரு பாட்டு பிடித்தால் கிரெடிட்ஸைத் திறந்து, யார் எழுதினார்கள், யார் பேஸ் கிட்டார் வாசித்தார்கள், யார் மிக்ஸ் செய்தார்கள் என்று படித்து, அந்தப் பெயர்களைப் பிடித்துக்கொண்டு அடுத்த பாட்டுக்குப் போவேன். என் பட்டியலில் இருக்கிற நல்ல கலைஞர்களில் பெரும்பாலானவர்கள் இப்படிக் கிடைத்தவர்கள்தான். ஒரு உதாரணம் சொல்கிறேன். குரங்கன் என்ற இசைக்குழுவை கபேர் வாசுகியும் டென்மாவும் சேர்ந்து நடத்தினார்கள். டென்மா என்ற பெயரைப் பிடித்துக்கொண்டு போயிருந்தால், பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையத்தோடு சேர்ந்து அவர் உருவாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' கிடைத்திருக்கும். 2018 ஜனவரியில் சென்னையில் அவர்களின் முதல் மேடை, கானாவும் ராப்பும் ராக்கும் ஒன்றாக நின்ற மேடை. அந்தக் குழுவில் அறிவு என்று ஒரு இளைஞர் இருந்தார். அவர் பெயரைப் பிடித்துக்கொண்டு போயிருந்தால் 2019இல் அவரும் இசையமைப்பாளர் ஆஃப்ரோவும் சேர்ந்து வெளியிட்ட 'தெருக்குரல்' ஆல்பம் கிடைத்திருக்கும். உலகமே அறிவைத் தெரிந்துகொண்டது 2021 மார்ச்சில், 'எஞ்சாய் எஞ்சாமி' வந்தபோது. இரண்டு வருடம் முன்னாலேயே, சில ஆயிரம் பேரில் ஒருவராக, அவரைக் கேட்டிருக்கலாம். அந்த சில ஆயிரம் பேர் இருந்ததால்தான் அவரால் தொடர்ந்து எழுத முடிந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அப்புறம், ஊர் எல்லையில் நின்றுவிடாதீர்கள். தமிழில் பாப் என்பதே சினிமாவுக்கு வெளியே, கடலுக்கு அந்தப் பக்கம் வளர்ந்த பிள்ளை. இலங்கையில் நித்தி கனகரத்தினம் 'சின்ன மாமியே' பாடியதும், ஏ.ஈ. மனோகரன் பைலா மெட்டில் மேடையை ஆட்டியதும் சினிமாவைச் சாராத தனி இசைக்கு இண்டி என்ற வார்த்தையை இங்கே யாரும் கேள்விப்படாத காலம். பொப்பிசை என்று அங்கே பெயரே வைத்துவிட்டார்கள். மலேசியாவில் யோகி பி, நட்சத்ரா குழுவோடு 2006இல் 'வல்லவன்' கொண்டுவந்தார், இன்றைக்குத் தமிழில் ராப் செய்கிற யாரிடம் கேட்டாலும் அந்தப் பெயர் வரும். ஈழத் தமிழ்ப் பெற்றோருக்கு சுவிட்சர்லாந்தில் பிறந்த பிரியா ராகு ஒரு விமான நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே தன் அண்ணனோடு சேர்ந்து பாட்டு செய்தவர், 2023இல் வந்த அவருடைய ஆல்பத்தின் பெயர் 'சந்தோசம்'. ஆங்கிலத்தில் பாடிக்கொண்டே வந்து நடுவில் தமிழில் இறங்குவார், அந்த இறக்கம் எனக்கு ஒவ்வொரு முறையும் சிலிர்க்கும். இவர்கள் யாரையும் உங்கள் ஆப் தானாகக் கொண்டுவந்து காட்டாது. நீங்கள் சினிமாப் பாட்டு கேட்டால் அது இன்னொரு சினிமாப் பாட்டைத்தான் போடும். நீங்களாகப் போய் நான்கு பெயரைத் தேடிக் கேட்டு, ஃபாலோ செய்தால்தான் அதற்கும் உங்கள் ருசி தெரிய வரும்.

இன்னொன்று, இரண்டாவது பாட்டுக்குக் காத்திருங்கள். முதல் பாட்டு பெரும்பாலும் பல வருட ஏக்கம், எல்லாவற்றையும் அதில் கொட்டிவிடுவார்கள். இரண்டாவதில்தான் ஆள் யார் என்று தெரியும். சாய் அபயங்கர் 2024 ஜனவரியில் 'கட்சி சேர' என்று வந்தபோது, நல்ல பாட்டு, பார்ப்போம் என்று மட்டும்தான் குறித்து வைத்தேன். அதே வருடம் 'ஆச கூட' வந்ததும் இவருக்கு மெட்டு கட்ட வருகிறது என்று சந்தேகமில்லாமல் தெரிந்துவிட்டது. சினிமாவும் உடனே கூப்பிட்டுக்கொண்டது. ஹிப்ஹாப் தமிழா 2012இல் ஆல்பம் போட்டு 2015இல் சினிமாவுக்கு இசையமைக்க வந்தார்கள், இப்போது அந்த இடைவெளி சில மாதமாகச் சுருங்கிவிட்டது. போகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன், வீட்டு வாடகை கட்ட வேண்டும். ஆனால் தனியாக நின்று இரண்டாவது, மூன்றாவது ஆல்பம் போடுகிற அளவுக்கு இங்கே ஆதரவு இல்லை என்பது எனக்கு உண்மையான கவலை.

ஆதரவு என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஸ்பாட்டிஃபையில் முப்பது விநாடி தாண்டிக் கேட்டால்தான் அது ஒரு பிளே. 2024 முதல், கடந்த பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் பிளேகூட வராத பாட்டின் பதிவுக்கு ராயல்டியே, அதாவது கேட்கப்படுவதற்கு வரும் உரிமைத் தொகையே, கிடையாது. ஆயிரம் என்பது எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது பாருங்கள். ஐம்பது நண்பர்கள் மாதம் இரண்டு தடவை கேட்டாலே பத்து மாதத்தில் வந்துவிடும். பிடித்த பாட்டைச் சேமித்து வையுங்கள், ஃபாலோ செய்யுங்கள், வாட்ஸ்அப்பில் ஆடியோவாக அனுப்பாமல் லிங்காக அனுப்புங்கள். கலைஞர்கள் பாட்டை நேரடியாக விற்கிற பேண்ட்கேம்ப் தளத்தில் இருந்தால் காசு கொடுத்து வாங்குங்கள், டிஜிட்டல் விற்பனையில் அவர்கள் பொதுவாக எடுப்பது 15 சதவீதம்தான், பணம் அனுப்பும் கட்டணம் போக மிச்சம் பாடினவருக்குப் போகிறது.

இப்போது பாடுகிறவர்களுக்கு, கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். ஒரு லேபிள், அதாவது பாட்டை வெளியிடுகிற இசை நிறுவனம், காண்ட்ராக்ட் நீட்டினால் முதல் நாளே கையெழுத்துப் போடாதீர்கள். என்னிடம் காட்டுகிற காண்ட்ராக்டுகளில் பாதியில் "உலகம் முழுவதும், என்றென்றைக்கும்" என்ற வரி இருக்கிறது. பதிவு செய்த ஒலி ஒரு சொத்து, நீங்கள் எழுதிய வரியும் மெட்டும் வேறு சொத்து. லேபிளுக்கு எதைக் கொடுக்கிறீர்கள், எத்தனை வருடத்துக்குக் கொடுக்கிறீர்கள் என்று தனித்தனியாகக் கேளுங்கள். நம் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, காண்ட்ராக்டில் கால அளவே சொல்லவில்லை என்றால் ஐந்து வருடம் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும், எந்தப் பிரதேசத்துக்கு என்று சொல்லவில்லை என்றால் இந்தியாவுக்கு மட்டும். அதனால்தான் அந்த "என்றென்றைக்கும்" என்பதை அவர்கள் மறக்காமல் எழுதுகிறார்கள். 2012இல் வந்த திருத்தம் இன்னும் முக்கியமானது, பாட்டு எழுதியவரும் இசையமைத்தவரும் தங்களுக்கு வர வேண்டிய ராயல்டி உரிமையை லேபிளுக்கு விட்டுக்கொடுக்கவே முடியாது. விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதி வாங்கினாலும் அது செல்லாது. ஆனால் அந்தப் பணம் தேடி வராது. பாட்டு எழுதுகிறவர்களுக்கும் இசையமைப்பவர்களுக்கும் ராயல்டி வசூலித்துக் கொடுக்கிற ஐபிஆர்எஸ் அமைப்பில் உறுப்பினராகி ஒவ்வொரு பாட்டையும் பதிவு செய்ய வேண்டும். பாட்டை ஏற்றுவதற்கு முன்னாலேயே, உடன் எழுதிய நண்பரோடு உட்கார்ந்து யாருக்கு எத்தனை சதவீதம் என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். நட்பு கெட்டுவிடும் என்று பயப்படுகிறார்கள். எழுதி வைக்காததால் கெட்ட நட்புகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பாட்டு தயாரானதும் அன்றிரவே ஏற்றிவிடுகிற அவசரமும் வேண்டாம். வெளியாகிற தேதிக்குக் குறைந்தது ஏழு நாள் முன்னால் 'ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ்' வழியாகப் பாட்டைச் சமர்ப்பித்தால் அங்கிருக்கிற எடிட்டர்கள் கேட்க ஒரு வாய்ப்பு இருக்கிறது, உங்களை ஃபாலோ செய்கிறவர்களுக்கு வெள்ளிக்கிழமைதோறும் ஸ்பாட்டிஃபை போடுகிற புதுப் பாட்டுப் பட்டியலிலும் அது போய் உட்காரும். இதற்கு ஒரு பைசா கட்டணம் கிடையாது. இதைச் செய்து தருகிறேன் என்றுதான் அந்தத் தம்பியிடம் பதினெட்டாயிரத்தில் ஒரு பகுதியை வாங்கியிருக்கிறார்கள்.

அவரிடம் நான் கடைசியாகக் கேட்டது, அந்தத் தவில் வாசித்தவர் யார் என்று. தன் ஊர்க் கோயிலில் வாசிக்கிற பெரியவர் என்றார். வீடியோவில் அவர் பெயரே இல்லை. இப்போது சேர்த்திருக்கிறார். எனக்குப் பாட்டு அனுப்புகிறவர்கள் இனி வியூஸ் எத்தனை என்று எழுத வேண்டாம், வாசித்தவர்கள் எல்லார் பெயரையும் பாட்டு வரிகளையும் அனுப்புங்கள். போனில் பதிவு செய்ததாக இருந்தாலும் பரவாயில்லை, முழுசாகக் கேட்கிறேன்.