நடக்க நடக்க விலகும் குகைகள்

பாரிஸுக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது வோ-லெ-விகோந்த் மாளிகை. அதன் பின்புறப் படிக்கட்டில் நின்றால் தோட்டம் முழுவதும் ஒரே பார்வையில் அடங்கிவிடுகிறது: பூவேலைப் பாத்திகள், தடாகங்கள், சதுரத் தடாகத்தின் கரையை ஒட்டினாற்போலக் கற்குகைகள், அவற்றுக்குமேல் புல்மேடு. தடாகத்தைத் தாண்டினால் குகைகளைத் தொட்டுவிடலாம் என்றே தோன்றும். அருகே போனால் தரை சட்டென இறங்குகிறது. கீழே ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளக் கால்வாய் குறுக்கே கிடக்கிறது. குகைகள் இருப்பது அதன் அக்கரையில்!

நிதியமைச்சர் நிக்கோலா ஃபூக்கேவுக்காக 1650களில் இதை அமைத்தவர் அந்த்ரே லெ நோத்ர். இளமையில் ஓவியர் சிமோன் வூவேயிடம் பயின்றவர் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ஓவியர்கள் தாளில் கையாளும் தொலைவுக் கணக்கை அவர் மண்ணில் போட்டார்.

தொலைவில் உள்ளவை சிறுத்துத் தெரியும் என்பது நாம் அறிந்ததுதான். ஆனால் தரையில் கிடக்கும் பொருள் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சிறுப்பதில்லை. தொலைவு இரு மடங்கானால் அகலம் பாதியாகிறது. பார்வைத் திசையில் உள்ள நீளமோ கால்வாசியாகிவிடுகிறது. கண் 10 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். 100 மீட்டர் தள்ளி இருக்கும் வட்டத் தடாகம், அகலத்தில் பத்தில் ஒரு பங்கு நீளமே உள்ள தட்டையான நீள்வட்டமாகத் தெரியும். 200 மீட்டரில் அது இருபதில் ஒரு பங்கு. ஆகவே தொலைவில் உள்ளதும் அருகிலுள்ளதைப் போலவே தெரிய வேண்டுமானால், அதைப் பெரிதாக்கினால் மட்டும் போதாது. பார்வைத் திசையில் இன்னும் நீட்ட வேண்டும். லெ நோத்ர் தொலைவிலுள்ள தடாகத்தை அருகிலுள்ளதைவிடப் பெரிதாக வெட்டினார். இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு என்று நம்பும் மூளை, தொலைவைக் குறைத்து மதிப்பிடுகிறது.

கால்வாய் மறைவது இன்னும் எளிய வடிவியல். ஆங்கேய் என்ற சிற்றாற்றைத் திருத்தி வெட்டிய அது, பள்ளத்தில் ஓடுகிறது. மேட்டுத் தரையின் விளிம்பை உரசிச் செல்லும் பார்வைக்கோடு நீருக்குமேலே கடந்து, நேரே குகைச் சுவரில் போய் விழுகிறது. இடையிலுள்ள பள்ளம் கண்ணுக்கு இல்லவே இல்லை.

1661 ஆகஸ்ட் 17 அன்று பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி இங்கே விருந்துக்கு வந்தார். மூன்றே வாரத்துக்குள் ஃபூக்கே கைதானார். லெ நோத்ரின் கணக்குகள் மன்னரின் வெர்சாய் அரண்மனைத் தோட்டத்துக்குப் போயின.

போகிறவர்கள் மாளிகையோடு திரும்பிவிடாமல், புல்மேட்டின் உச்சியில் உள்ள ஹெர்குலிஸ் சிலைவரை நடக்க வேண்டும். அங்கிருந்து பார்க்கும்போது பெரிய தடாகம் அருகிலும் சிறியது தொலைவிலும் அமைவதால், அதே கணக்கு தலைகீழாக வேலை செய்து மாளிகையை உள்ளதைவிடத் தள்ளிக் காட்டுகிறது.