டொரானா காரில் இருந்தது ரத்தமா?

1980 ஆகஸ்ட் 17 இரவு, ஆஸ்திரேலியாவின் உலுரு பாறைக்கு அருகே கூடாரத்தில் தூங்கிக்கொண்டிருந்த ஒன்பது வாரக் குழந்தை அசாரியா காணாமல் போனாள். டிங்கோ என்ற காட்டு நாய் தூக்கிப் போய்விட்டது என்றார் தாய் லிண்டி சேம்பர்லின். முதல் மரண விசாரணையும் அதை ஏற்றது. ஆனால் தாய்தான் கொன்றார் என்ற சந்தேகத்தை போலீஸ் விடவில்லை. 1981 செப்டம்பரில் குடும்பத்தின் மஞ்சள் நிற ஹோல்டன் டொரானா காரைக் கைப்பற்றியது.

அதற்குள் ஓராண்டுக்கு மேல் ஓடிவிட்டது. கறை பட்ட தன் கால்சட்டையை லிண்டி சலவைக்குக் கொடுத்ததுகூட நீதிமன்றத்தில் அவருக்கு எதிராகப் பேசப்பட்டது. காருக்குள் குழந்தையின் ரத்தம் இருந்ததாக ஆய்வகம் சொன்னதுதான் பெரிய அடி.

எப்படிச் சொன்னார்கள்? முதலில் ஆர்த்தோ-டொலிடின் சோதனை. சந்தேகப்படும் இடத்தை வடிதாளால் ஒற்றி, அதன்மேல் இந்த வேதிப்பொருளையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் சொட்டுவார்கள். ரத்தமாக இருந்தால் ஹீமோகுளோபினில் உள்ள இரும்பு வினையை முடுக்கிவிட, தாள் சட்டென்று நீலமாகும். சிக்கல் என்னவென்றால், செம்பும் அதே வேலையைச் செய்யும். உருளைக்கிழங்கு, முள்ளங்கிச் சாறுகூடச் செய்யும். வாசலில் நாய் குரைக்கிற மாதிரி: யாரோ வந்திருக்கிறார்கள், அவ்வளவுதான், திருடனா தபால்காரரா என்று அது சொல்லாது. சேம்பர்லின் குடும்பம் வசித்த மவுண்ட் ஐசாவோ செம்புச் சுரங்க நகரம். செம்புத் தூசி அங்கே எங்கும் படியும்.

அடுத்தது எதிர்ப்பொருள் சோதனை. எதிர்ப்பொருள் என்பது குறிப்பிட்ட புரதத்தைத் தேடிப் பிடித்துக்கொள்ளும் பொருள். பெரியவர்களின் ஹீமோகுளோபினில் ஆல்ஃபா, பீட்டா என்ற புரதச் சங்கிலிகள் இருக்கும். சிசு ஹீமோகுளோபினில் பீட்டாவுக்குப் பதில் காமா. காமாவை மட்டும் பிடிக்கும் எதிர்ப்பொருளைக் கூழ்த்தட்டில் (ஜெல் பூசிய தட்டில்) கறைக் கரைசலுக்கு எதிரே விட்டால், இரண்டும் சந்திக்கும் இடத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு விழும். ‘மட்டும்’ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எதிர்ப்பொருள் கொஞ்சம் ஆல்ஃபாவையும் பிடித்தால் பெரியவர் ரத்தத்துக்கும் கோடு விழும். அப்புறம், மாதக்கணக்கில் வெயிலில் நின்ற காருக்குள் புரதமே சிதைந்துபோயிருக்கலாம்.

டேஷ்போர்டுக்கு அடியில் தெறித்திருந்த துளிகள்தான் ஜூரியை உலுக்கியிருக்க வேண்டும். கழுத்தறுபட்டபோது பீச்சிய ரத்தம் என்று அரசுத் தரப்பு வாதிட்டது. உண்மையில் அது கார் தயாரிப்பில் இரைச்சலைக் குறைக்க அடிக்கும் பூச்சு. அதே மாடலில் வேறு கார்களிலும் அதே தெறிப்பு இருந்தது. இன்னொரு டொரானாவைத் திறந்து பார்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

1982 அக்டோபரில் லிண்டிக்கு ஆயுள் தண்டனை. 1986-ல் குழந்தையின் மேலாடை உலுரு அடிவாரத்தில் கிடைத்தபின்தான் விடுதலை. 1987-ல் நீதிபதி மார்லிங் தலைமையிலான ஆணையம் ரத்த ஆதாரத்தை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டது. மறுபடி சோதித்துப் பார்க்கலாம் என்றால் அந்தக் கூழ்த்தட்டுகள் இல்லை. வழக்கு நீதிமன்றத்துக்கு வருவதற்கு முன்பே, வழக்கமான நடைமுறை என்று ஆய்வகம் அவற்றை அழித்திருந்தது. சலவைக்குப் போன கால்சட்டைக்குத் தாயைக் குடைந்தவர்கள் இதை அவ்வளவு குடையவில்லை. 1988-ல் தண்டனை ரத்தானது. டிங்கோதான் காரணம் என்று மரண விசாரணை அதிகாரி அறிவித்தது 2012 ஜூனில்.