கவரேஜ்: ஒரு சொல்லுக்குள் மூன்று கேள்விகள்

மாஞ்சோலைப் பக்கம் போய் ‘கவரேஜ் இருக்கா’ என்று கேட்டால் செல்போன் டவரைப் பற்றித்தான் பதில் வரும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் கேட்டால் பையிலிருந்து காப்பீட்டு அட்டையை எடுத்து நீட்டுவார்கள். நாம் பார்க்கப்போவது இந்த இரண்டாவது கவரேஜை.

‘முழுக்க மூடுதல்’ என்ற பொருளுள்ள லத்தீன் வினை பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ‘கவர்’ ஆனது. அதோடு ‘ஏஜ்’ விகுதி சேர்ந்த ‘கவரேஜ்’ 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் காப்பீட்டுக்காரர்களிடம் புழக்கத்துக்கு வந்தது. செய்தி கவரேஜும் டவர் கவரேஜும் அதற்கு அப்புறம் வந்தவை.

தமிழில் ‘பாதுகாப்பு’ என்று எழுதிவிடுகிறார்கள். போலீஸ் பாதுகாப்பும் அதுதானே! நூலின் முதலில் பாடும் காப்பும், கோயில் கொடைவிழாவுக்குக் கட்டும் காப்பும், காப்பீடும் ஒரே வேர். அதனால் பொதுச்சொல்லாகக் ‘காப்பீட்டுப் பரப்பு’ என்பதே என் தேர்வு. ஆனால் சுகாதார ஆய்வுக்கு இந்த ஒரு சொல் போதாது.

உலக சுகாதார நிறுவனத்தின் 2010 அறிக்கை இந்தப் பரப்பை மூன்றாகப் பிரித்தது: யாருக்கெல்லாம் காப்பீடு உண்டு, எந்தெந்தச் சிகிச்சைக்கு உண்டு, செலவில் எவ்வளவு பங்குக்கு உண்டு. முதலாவது காப்பீட்டுப் பரவல், இரண்டாவது காப்பில் அடங்கும் சிகிச்சை, மூன்றாவது காப்பு அளவு. ஆங்கிலத்தில் இந்த மூன்றுக்கும் கவரேஜ் என்றே பேர்.

முக்கூடலில் பீடி சுற்றும் ஒரு அக்காவிடம் கணக்கெடுக்க வந்தவர் காப்பீடு உண்டா என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். “கார்டு இருக்கு தம்பி, முதலமைச்சர் கார்டு” என்பார். ‘ஆம்’ என்ற கட்டத்தில் ஒரு டிக். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை வரும் திட்டம், சரி. ஆனால் அது பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்துப் பார்க்கும் சிகிச்சைக்கானது. மாதாமாதம் மருந்துக்கடையில் வாங்கும் சர்க்கரை மாத்திரைக்கு அந்த அக்காவின் கைக்காசுதான் போகும். பரவல் கணக்கில் அவர் முழுசாக இருக்கிறார். சிகிச்சைக் கணக்கில் அவருடைய மாத்திரை இல்லை.

இன்னொரு சிக்கல். கார்டு உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் அப்படியே ஒப்பிட்டால், கார்டு உள்ளவர்களே அதிகம் நோய்ப்படுகிற மாதிரித் தெரியலாம். காரணம் சாதாரணம்: நோய் உள்ளவர்தான் அலைந்து கார்டு எடுக்கிறார். இதைத் ‘தேர்வுச் சாய்வு’ எனலாம். 2008இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் இந்தச் சாய்வு தானாகவே விலகியது. ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டில் இடம் குறைவு என்பதால் குலுக்கல் போட்டார்கள். பேர் விழுந்தவர், விழாதவர் என, நோயைப் பார்க்காமல் சீட்டே பிரித்த இரண்டு கூட்டம் கிடைத்தது. காப்பீடு கிடைத்தவர்கள் சிகிச்சைக்கு அதிகம் போனார்கள், பணநெருக்கடியும் மனச்சோர்வும் குறைந்தன. ஆனால் சுமார் இரண்டு ஆண்டுக்குப் பிறகு அளந்தபோது ரத்த அழுத்தத்திலும் கொழுப்பிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. பரவல் கூடியதை வைத்தே உடம்பு தேறிவிட்டது என்று எழுதுகிறவர்கள் இதைப் பார்க்க வேண்டும்.

நம் தேசிய மாதிரி ஆய்வு, ஆஸ்பத்திரியில் தங்கிய செலவைக் கடந்த 365 நாளுக்கும் மற்ற நோய்ச்செலவைக் கடந்த 15 நாளுக்கும் தனித்தனியாகக் கேட்கிறது. அதேபோல நெல்லைச் சீமையில் கேள்வித்தாள் போடுகிறவரும் ‘கவரேஜ் உண்டா’ என்பதை அடித்துவிட்டு மூன்றாகக் கேட்கட்டும்: கார்டில் யார் யார் பேர் இருக்கு? எந்த வைத்தியத்துக்கு அது செல்லும்? கடைசியாக ஆஸ்பத்திரியில் படுத்தபோது கையிலிருந்து எவ்வளவு போச்சு?