செம்பாறையை விட்டு வெளியேறிய இரும்பு

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள ஸையன் தேசியப் பூங்காவில், வழிகாட்டியுடன் குழுவாக நடந்து பாறைகளைப் பற்றி அறிந்துவந்த வாசகர் ஒருவர் கேட்கிறார்: செங்குத்தான அந்தச் சுவர் அடியில் செம்பழுப்பாகவும் நடுவில் இளஞ்சிவப்பாகவும் உச்சியில் வெண்மையாகவும் இருக்கிறதே, அவை மூன்று வெவ்வேறு பாறைகளா? அல்ல, மூன்றும் நவஹோ மணற்கல் என்னும் ஒரே பாறைதான். மாறியிருப்பது அதிலுள்ள இரும்பின் நிலை மட்டுமே.

அந்தப் பாறையின் தோற்றம் பலரும் அறிந்த கதைதான். ஏறத்தாழ 19 கோடி ஆண்டுகளுக்கு முன், ஜுராசிக் காலத்தின் முற்பகுதியில் அங்கே மாபெரும் பாலைவனம் இருந்தது. அதன் மணற்குன்றுகள் புதைந்து இறுகிக் கல்லாயின. ஸையனில் அந்தக் கல்லின் தடிமன் சில இடங்களில் 600 மீட்டர் வரை உள்ளது. பிற்காலத்தில் கொலராடோ பீடபூமி மேலெழும்பியபோது, வர்ஜின் ஆறு அதை அறுத்துப் பள்ளத்தாக்காக்கியது.

மணலின் பெரும்பகுதி குவார்ட்ஸ் என்னும் நிறமற்ற கனிமம். ஒவ்வொரு மணியின் மேலும் ஹெமடைட் என்னும் இரும்பு ஆக்சைடு மிக மெல்லிய படலமாகப் படிந்திருப்பதால்தான் பாறை சிவப்பாகத் தெரிகிறது. தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காட்டு மணலின் சிவப்பும் இத்தகைய படலத்தால் வந்ததே. ஒரு மலையையே சிவக்கவைக்க மிகச் சிறிதளவு இரும்பு போதும் என்பதால், அந்தச் சிறிதளவு அகன்றாலே மலை வெளுத்தும் விடும்.

எப்படி அகலும்? ஹெமடைட்டிலுள்ள ஃபெரிக் இரும்பு சாதாரண நீரில் கரையாது. ஆனால் ஓர் எலக்ட்ரானைப் பெற்று ஃபெரஸ் இரும்பாக மாறினால் எளிதில் கரைந்துவிடும். ஆழத்திலிருந்து வந்த இயற்கை வாயுவும் எண்ணெய்ப் பொருள்களும் கலந்த, ஆக்சிஜன் இல்லாத நீர் பாறையின் நுண்துளைகள் வழியே ஊர்ந்தபோது இரும்புக்கு எலக்ட்ரானைத் தரும் இந்த ஒடுக்க வினையை நிகழ்த்தியிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். இரும்பு கரைந்து நீரோடு போக, வெள்ளை மணற்கல் எஞ்சியது. நிற எல்லை பல இடங்களில் பழைய மணற்குன்றுகளின் சாய்ந்த படிவுக் கோடுகளைக் குறுக்கே வெட்டிச் செல்வது இதற்கு நல்ல சான்று. மணல் படிந்தபோதே நிறமும் வந்திருந்தால், எல்லை அந்தக் கோடுகளை ஒட்டியே போயிருக்கும்.

கரைந்துபோன இரும்பு எங்கே சென்றது என்பதற்கான விடையைத்தான் நான் இவ்வறிவியலின் மிக அழகிய பகுதியாகக் கருதுகிறேன். கிழக்கே எஸ்கலான்டே நகரையொட்டிய மணற்கல் வெளிகளில், பட்டாணி அளவிலிருந்து கோலிக்குண்டு அளவும் அதற்கு மேலுமாகக் கரும்பழுப்பு உருண்டைகள் கொட்டிக் கிடக்கின்றன. இரும்பு சுமந்த நீர் ஆக்சிஜன் நிறைந்த நீரைச் சந்தித்த இடங்களில், ஃபெரஸ் மீண்டும் ஃபெரிக்காகி உருண்டைகளாகத் திரண்டது என்பது ஒரு விளக்கம். ஆனால் பல உருண்டைகளில் ஓடு மட்டுமே இரும்பால் இறுகியிருக்க, உள்ளே வெளிறிய மணல் இருப்பது ஏன்? நெப்ராஸ்கா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்வைக்கும் விடை மனத்தைக் கவர்வது. முதலில் உருவானது இரும்புக் கார்பனேட்டான சிடரைட் உருண்டை. பின்னர் ஆக்சிஜன் உள்ள நீர் வெளியிலிருந்து அதைத் தொட்டபோது விளிம்பில் இரும்பு ஆக்சைடு படிந்தது. அந்த வினையில் பிறந்த அமிலம் உள்ளிருந்த சிடரைட்டைக் கரைக்க, விடுபட்ட ஃபெரஸ் இரும்பு வெளிநோக்கிப் பரவி, அதே விளிம்பில் மேலும் படிந்தது. உள்ளீடு தீரத் தீர ஓடு தடித்தது. இரும்பை ஆக்சிஜனேற்றம் செய்து வாழும் நுண்ணுயிரிகளுக்கும் இதில் பங்குண்டு என்று அவர்கள் கருதுகின்றனர்.

யாருமற்ற பாலையில் கிடக்கும் உருண்டைகளை ஆராய ஏன் பொதுப்பணம் என்று கேட்பவர்கள் உண்டு. 2004 சனவரியில் செவ்வாயில் இறங்கிய ஆப்பர்ச்சூனிட்டி ஊர்தி, மெரிடியானி சமவெளியில் சில மில்லிமீட்டர் அளவுள்ள ஹெமடைட் உருண்டைகளைக் கண்டது. யூட்டா பல்கலைக்கழகத்தின் மார்ஜரி சானும் அவருடைய குழுவினரும் அதே ஆண்டில் யூட்டா உருண்டைகளை அவற்றோடு ஒப்பிட்டு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். அங்கும் ஒரு காலத்தில் பாறைக்குள் நீர் ஊடுருவியிருந்தது என்ற முடிவுக்கு அந்த ஒப்பீடு வலுச்சேர்த்தது. பயன் முன்கூட்டியே தெரிந்தால்தான் நிதி என்று பிடிவாதம் பிடித்தால் இத்தகைய அறிவு கிட்டாது. இதே உருண்டைகளை நோய் தீர்க்கும் கற்கள் என்று சொல்லி விற்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. அதற்கு எந்தச் சான்றும் இல்லை.

தேசியப் பூங்காவிலிருந்தும் எஸ்கலான்டேயை ஒட்டிய தேசிய நினைவுப் பகுதியிலிருந்தும் இந்த உருண்டைகளை எடுத்துச் செல்லச் சட்டம் தடை விதித்திருப்பது, அறிவியல் நோக்கிலும் சரியானது. தரையில் உதிர்ந்த உருண்டையைக் காட்டிலும் பாறையில் பதிந்திருப்பதே அதிகம் சொல்லும். அங்கே சில உருண்டைகள் ஒரு பக்கமாக நீண்டிருக்கும். வழிகாட்டியுடன் செல்பவர்கள் அவற்றைக் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். பல நீட்சிகள் ஒரே திசையில் அமைந்திருந்தால், நிலத்தடி நீர் ஓடிய போக்கை அவற்றிலிருந்து அறியலாம்.