ஏழேகால் வேனும் அடிவயிற்று வலியும்

திருப்பூரில் குழந்தைகள் மருத்துவராக இருப்பதால் எனக்கு ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் கூட்டம். ஒரு ஷிப்டும் கூடவே அரை ஷிப்டுமாக ஒன்றரை ஷிப்ட் வேலை ராத்திரி எட்டரைக்கு முடிந்து, கம்பெனியிலிருந்து வீட்டுக்குப் போய், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள். அப்படி வந்த ஒரு அம்மா, "ரெண்டு வாரமா பேதிங்க சார், ஜட்டியெல்லாம் கறையாகுது, மருந்துக்கடையில மாத்திரை வாங்கிக் குடுத்தும் நிக்க மாட்டேங்குது" என்றார். பையனுக்கு ஆறு வயது. இடது அடிவயிற்றில் கை வைத்தால் உருண்டை உருண்டையாகத் தட்டுப்பட்டது. பேதியே இல்லை, மலச்சிக்கல். உள்ளே இறுகிப்போன மலம் அடைத்துக்கொண்டு நிற்க, அதன் ஓரமாக நீராக இருப்பது மட்டும் பையனுக்கே தெரியாமல் கசிகிறது. அதற்குப் பேதியை நிறுத்தும் மாத்திரை கொடுத்தால் அடைப்பு இன்னும்தான் இறுகும்.

இந்த மாதிரி வரும் குழந்தைகளின் வீட்டில் நான் முதலில் கேட்பது சாப்பாட்டைப் பற்றி அல்ல, காலையில் எத்தனை மணிக்கு என்ன நடக்கிறது என்றுதான். அவர் சொன்னது: ஐந்து மணிக்கு எழுந்து சமையல், ஆறரைக்குப் பையனை எழுப்பிப் பல் விளக்க வைத்து நேராகக் கக்கூஸில் உட்கார வைப்பது, "சீக்கிரம், சீக்கிரம்" என்று வெளியிலிருந்து குரல், ஒன்றும் வராது, குளியல், யூனிபார்ம், ஏழு மணிக்கு இரண்டு இட்லி வாயில் ஊட்டி முடிக்கும்போது தெருமுனையில் வேன் ஹாரன்.

இதில் தப்பு அம்மாவுடையது அல்ல, வரிசையுடையது. வயிற்றுக்குள் உணவு விழுந்ததும் பெருங்குடல் தானாகவே அசையத் தொடங்கும், உடம்பில் இருக்கிற ஏற்பாடு அது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில், பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள், ஆய் வருகிற மாதிரி இருக்கும். நாம் வெறும் வயிற்றோடு உட்கார வைத்து எதுவும் வரவில்லை என்று எழுப்பிவிடுகிறோம், அந்த உணர்வு வரும்போது குழந்தை வேனில் இருக்கிறது. பள்ளிக் கக்கூஸ் நாறும், தாழ்ப்பாள் இருக்காது, மிஸ்ஸிடம் கேட்க வெட்கம். அடக்குகிறது. அடக்க அடக்க மலத்திலுள்ள நீரைக் குடல் உறிஞ்சிக்கொள்ளும், மலம் கல்லாகும், ஒருநாள் வெளியே வரும்போது கிழித்துக்கொண்டு வரும், அந்த வலிக்குப் பயந்து மறுநாளும் அடக்கும். மூலையில் நின்று காலைப் பின்னிக்கொண்டு முகம் சிவக்க நிற்கிற குழந்தையைப் பார்த்து "முக்குது பாவம்" என்பார்கள். முக்கவில்லை, உள்ளே இழுத்துப் பிடிக்கிறது. மாதக்கணக்கில் இப்படிப் போனால் மலக்குடல் விரிந்து, வருகிற உணர்வே மங்கிவிடும். ராத்திரி படுக்கையில் சிறுநீர் போவதற்கும், பெண் குழந்தைகளுக்குத் திரும்பத் திரும்ப நீர்க்கடுப்பு வருவதற்கும் பின்னால் பல நேரம் இதுதான் இருக்கிறது.

இன்னும் அரைமணி முன்னால் எழுந்திருங்கள் என்று நான் சொல்வதில்லை. பதினொன்றரைக்குப் படுக்கிற பெண்ணிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. வரிசையை மட்டும் மாற்றச் சொன்னேன். பல் விளக்கியதும் முதலில் இட்லி, அப்புறம் கக்கூஸ், கடைசியில் குளியல். ஐந்திலிருந்து பத்து நிமிடம், கையில் போன் இல்லாமல், வந்தாலும் வராவிட்டாலும் திட்டு இல்லாமல். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் கால் தொங்கக் கூடாது, பாதத்துக்கு அடியில் ஒரு முக்காலி. காலையில் முடியவே முடியாத வீடா, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு வையுங்கள், சாப்பிட்டதும் குடல் அசைவது அப்போதும் நடக்கும். 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் அரசுப் பள்ளிக் குழந்தைகள் பள்ளியிலேயே சாப்பிடுகிறார்கள், நல்ல விஷயம், ஆனால் சாப்பிட்ட பிறகு போக ஒரு சுத்தமான கக்கூஸும் பத்து நிமிடமும் அங்கேயே வேண்டும், இதைப் பெற்றோர் கூட்டத்தில் கேட்க யாரும் கூச்சப்பட வேண்டாம்.

பால் ஒரு தனிக்கதை. சாப்பிட நேரமில்லை என்று மூன்று டம்ளர் பால் கொடுக்கிற வீடுகள் நிறைய. ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் போனால் பசியே எடுக்காது, கீரை, கொய்யா, சுண்டல் எதுவும் உள்ளே போகாது, இரும்புச்சத்தும் குறையும்.

ஆனால் ஏற்கெனவே இறுகியதை வாழைப்பழம் கரைக்காது. அடைப்பை எடுக்க மருந்து வேண்டும், பிறகும் மாதக்கணக்கில் தொடர வேண்டும். "பழக்கமாயிடும்" என்று பத்தாம் நாளே நிறுத்துகிறவர்கள்தான் மறுபடி வருகிறார்கள். மலத்தை இளக்கும் அந்த மருந்துகளுக்குக் குடல் அடிமையாவதில்லை. பிறந்ததிலிருந்தே இருக்கும் மலச்சிக்கல், வயிறு உப்புதல், பச்சை வாந்தி, எடை குறைவது என்றால் மட்டும் வேறு காரணம் தேட வேண்டியிருக்கும், தள்ளிப்போடாதீர்கள்.

அந்தப் பையனை மூன்று வாரம் கழித்து அப்பா கூட்டிவந்தார். காலையில் இட்லி ஊட்டுவதும் கக்கூஸ் வாசலில் நிற்பதும் இப்போது அவர் வேலையாம். "அவ சமைக்கிறா, நான் வாசல்ல உக்காந்து கதை சொல்றனுங்க சார். ரெண்டு நாள் வேனை விட்டுட்டோம், வண்டியில கொண்டுபோயி விட்டேன்." பையன் மட்டும், கதை முடிகிறவரை எழுந்து வர மாட்டேன் என்கிறானாம்.