மலையேறிய வண்டிக்குப் பெரிய ஜெட் எதற்கு?

பெட்ரோல் இன்ஜினுக்குள் காற்று எப்படிச் சுழல்கிறது, தீ எப்படிப் பரவுகிறது என்பதைக் கணினியில் சிமுலேஷன் செய்து பார்ப்பது என் தொழில்; சொந்த ஊர் உதகை. ஊருக்கு வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் தம் பழைய கார்புரேட்டர் வண்டியைக் காட்டி, "பிக்கப்பே இல்லைங்க, பெரிய ஜெட் மாத்தியும் இழுக்க மாட்டேங்குது" என்று குறைப்பட்டுக்கொள்வார். (காற்றோடு பெட்ரோலைக் கலந்து அனுப்பும் கார்புரேட்டருக்குள், பெட்ரோல் எவ்வளவு வரவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் சிறு துளைதான் ஜெட்.) ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி போல் கறுத்திருக்கும்.

சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில் காற்றழுத்தம் 0.77 பார் அளவுதான். கடல் மட்டத்தில் அது 1.013 பார். குளிர்ந்த காற்று சற்று அடர்த்தியானது என்பதால் இழப்பில் ஒரு சிறு பகுதி ஈடாகிறது; ஆயினும் சென்னையோடு ஒப்பிட்டால் சிலிண்டருக்குள் நுழையும் காற்றின் எடை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. கார்புரேட்டரோ பெட்ரோலை அதே அளவுக்குக் குறைப்பதில்லை. காற்று 20 சதவீதம் குறைந்தால் பெட்ரோல் சுமார் 10 சதவீதம் மட்டுமே குறைகிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். முழு வேகத்துக்காக 13 கிலோ என்று சமவெளியில் அமைத்த கலவை, யாரும் கை வைக்காமலே இங்கு 11.6 ஆகிவிடுகிறது. சுடர் மிக வேகமாகப் பரவுவது 13-ஐ ஒட்டிய கலவையில்தான். அதற்கு மேல் பெட்ரோல் கூடக்கூடச் சுடர் தளர்கிறது. பெரிய ஜெட் அந்தத் தளர்ச்சியைத்தான் கூட்டுகிறது.

இதைக் கணினியில் பார்க்கப் புகுந்தபோது நானே ஒருமுறை சறுக்கினேன். உள்ளே வரும் காற்றின் அழுத்தத்தை 0.77 என்று மாற்றிய நான், சைலன்சர் பக்கத்து அழுத்தத்தை, மலையில் அதுவும் குறையும் என்பதை மறந்து, 1.013 என்றே விட்டுவிட்டேன். இரண்டு வால்வுகளும் சேர்ந்து திறந்திருக்கும் அந்தச் சிறு நேரத்தில், எரிந்து முடிந்த புகை பின்னோக்கிப் பாய்ந்து காற்று வரும் வழிக்குள்ளேயே ஏறியது திரையில் செந்நிறத் திட்டாகத் தெரிந்தது. சுடர் மெதுவாகப் பரவியதை மலையின் குணம் என்று எழுதவும் தொடங்கிவிட்டேன். நிமிடத்துக்கு 6,000 சுற்று வேகத்தில் இன்ஜின் 20 மில்லி விநாடியில் முடிக்கும் ஒரு சுழற்சிக்குக் கணினி மணிக்கணக்கில் உழைக்கிறது. ஆனால் எல்லையில் நாம் கொடுக்கும் ஓர் எண் பிழையானால் அத்தனை உழைப்பும் அழகான பொய்ப்படமாகிவிடுகிறது.

பெட்ரோல் மிகுந்த செறிவான கலவையில் கார்பன் முழுமையாக எரியாமல் கார்பன் மோனாக்சைடாக வெளியேறுகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளிரில் பெட்ரோலைக் கூட்டித் தரும் சோக்கை இழுத்துக் கிளப்பும்போது இது இன்னும் கூடும். பனி விழும் ஜனவரிக் காலைகளில் ஷெட்டின் கதவைச் சாத்திக்கொண்டு வண்டியைச் சூடேற்றுபவர்களைக் காணும்போது எனக்குப் பதறுகிறது. வண்டியை வெளியே தள்ளி நிறுத்திவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.

சிறிய ஜெட் போட்டால் சரியாகிவிடுமா என்று கேட்பீர்கள். மலையை விட்டு இறங்காத வண்டிக்கு அது பொருந்தும். ஆனால் வாரம் ஒருமுறை மேட்டுப்பாளையம் இறங்கும் வண்டியில், அதே ஜெட் கீழே பெட்ரோலைப் பற்றாக்குறையாக்கி இன்ஜினைச் சூடாக்கும். ஏற்றத்தில் இன்ஜினுக்குள் தட்டும் ஓசையும் கேட்கலாம். அத்தகைய வண்டிக்குக் கம்பெனி ஜெட்டையே திரும்பப் போட்டு, ஏர் ஃபில்டரைச் சுத்தமாக வைத்து, ஏற்றத்தில் ஒரு கியர் குறைத்து ஓட்டுவதே நல்லது. பெட்ரோலை இன்ஜெக்டர் வழியே செலுத்தும் புதிய வண்டிகளில் சென்சார்களே காற்றின் அளவைக் கணித்துப் பெட்ரோலைக் குறைத்துக்கொள்கின்றன. அவற்றிலும் இழுவை ஐந்தில் ஒரு பங்கு குறையத்தான் செய்யும், அதற்காக மெக்கானிக்கிடம் போக வேண்டியதில்லை.